மழை மாதங்களை ஆய்ந்த மாமேதை அல்பீரூனி

வானத்திலிருந்து மழையை இறக்கி, வறண்டு கிடக்கும் பூமியை உயிர்ப்பித்தல் தன் அத்தாட்சிகளுள் ஒன்றென அல்லாஹ் தன் திருமறையில் பல இடங்களில் அறிவுறுத்துகின்றான். காற்று மேகங்களைச் சுமந்து செல்வதையும், அம்மேகங்கள் நாடிய இடத்தில் பொழிவதையும் சிந்தித்துப் பார்க்குமாறு மாந்தரைப் பணிக்கின்றான். மழையைக் கண்டு மகிழ்வோர் பலர். மழை வேண்டி இறைஞ்சுவோரும் பலர். ஆயின், ஒரு மாதத்தில் ஓரூரில் கொட்டும் மழை, அதே மாதத்தில் மலைக்கு அப்பாலுள்ள ஊரில் ஏன் கொட்டவில்லை என்று சிந்தித்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்னணியில் நிற்பவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி (ரஹ்) அவர்கள்.

அன்னாரை வானியல் மேதையாக, கணித வல்லுநராக, இந்தியாவைப் பற்றிய அரிய நூலை யாத்தவராகப் பலரும் அறிவர். மாதந்தோறும் மாறும் மழை, பனி, வெப்பம், குளிர் ஆகியவற்றை ஊர் ஊராகக் கேட்டறிந்து, அவற்றின் காரணத்தைத் தேடியவர் என்பதை அறிந்தோர் குறைவு. அவ்வரலாற்றை ஈண்டு சுருக்கமாகக் காண்போம்.

பனி உறையும் பிறந்தகம்

ஹிஜ்ரி 362ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதம், அதாவது கி.பி. 973 செப்டம்பரில், குவாரிஸ்ம் நாட்டின் காஸ் நகரின் புறநகரில் அன்னார் பிறந்தார்கள். ஜைஹூன் எனும் ஆமூ தர்யா ஆற்றங்கரையில் அமைந்திருந்த அவ்விடம் இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ளது. அதன் அருகிலுள்ள நகரம் இன்று பீரூனி என்றே பெயர் தாங்கி நிற்கின்றது.

அந்நாடு இருபுறமும் பாலைவனத்தால் சூழப்பட்டது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மட்டுமே. கோடையில் அனல் வீசும். குளிர்காலத்தில் பெரும் ஆறே உறைந்து போகும். அல்பீரூனி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், கி.பி. 921ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பக்தாத் கலீஃபாவின் தூதுக் குழுவில் சென்ற இப்னு ஃபழ்லான் அந்நாட்டில் தங்க நேர்ந்தது. ஜைஹூன் ஆறு கரைக்குக் கரை உறைந்து, குதிரைகளும் கழுதைகளும் வண்டிகளும் தெருவில் செல்வதுபோல் அதன்மீது சென்றதை அவர் வியப்புடன் எழுதி வைத்துள்ளார்.

மழையே காணாத அந்நாட்டில் மற்றோர் அதிசயமும் உண்டு. நல்ல கோடையில், வானில் ஒரு மேகமும் இல்லாத நாள்களில், ஜைஹூன் ஆறு கரை புரண்டு ஓடும். ஈராக்கின் தஜ்லா, ஃபுராத் நதிகளோ வசந்தத்தில் பெருகிக் கோடையில் வற்றும். ஒரே சூரியனின் கீழ் ஓடும் ஆறுகள் வெவ்வேறு மாதங்களில் பெருகுவது ஏன்? அல்பீரூனி பிற்காலத்தில் தம் நூலில் இதற்கு விடை கூறினார்கள். ஆற்றின் பிறப்பிடம் எவ்வளவு குளிர்ந்ததோ, அவ்வளவுக்கு அங்கே விழும் ஈரம் பனியாக உறைந்து மலையில் தங்கும். வெயில் முற்றிய பின்னரே அது உருகி இறங்கும். ஆற்றின் வெள்ளத்தைக் கரையில் பெய்த மழையால் அளக்கலாகாது. அது பிறக்கும் மலையின் பனியையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. பாமீர் மலைகளின் பனி உருகுவதனாலேயே ஆமூ தர்யா கோடையில் பெருகுகின்றது என இன்றைய அறிஞர்களும் கூறுகின்றனர்.

குளிர் நாட்டில் வளர்ந்த அவ்வறிவு மேலும் வினாக்களை எழுப்பிற்று. வாலிபப் பருவத்தில் அன்னார் தம்மினும் இளையவரான இப்னு ஸீனாவுக்குக் கடிதம் மூலம் விடுத்த வினாக்களுள் இரண்டு பனிக்கட்டியைப் பற்றியவை. குளிர்ந்தால் பொருள்கள் சுருங்கும் என்றால், நீர் நிரம்பிய குப்பி உறையும்போது ஏன் வெடிக்கின்றது என்பது ஒன்று. பனிக்கட்டி ஏன் நீரில் மூழ்காமல் மிதக்கின்றது என்பது மற்றொன்று. உறையும்போது நீர் விரிவடைகின்றது என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். அன்று பெரும் தத்துவ ஞானிகளைத் திகைக்க வைத்த வினாக்கள் அவை.

அகதியாய்க் கழிந்த இளமை

அரச குடும்பத்தவரும் கணித மேதையுமான அபூ நஸ்ர் மன்ஸூர் அவர்களிடம் அல்பீரூனி கல்வி பயின்றார்கள். பதினேழு வயதிலேயே சூரியனின் உச்சி உயரத்தை அளந்து காஸ் நகரின் அட்சரேகையைக் கணித்தார்கள். ஆனால் கி.பி. 995இல் நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது. ஆதரித்த அரச குடும்பம் அழிந்தது. இருபத்திரண்டு வயது வாலிபர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. ரய் நகரில் வறுமையில் வாடினார்கள். தம் ஏழ்மையைக் கண்டு ஒருவர் தம் அறிவையும் இகழ்ந்ததை அன்னாரே பதிவு செய்துள்ளார்கள்.

அலைச்சலும் ஓர் ஆசானாக அமைந்தது. ரய் நகரம் அல்புர்ஸ் மலைத்தொடரின் தென்புறம் உள்ளது. இன்றைய தெஹ்ரானை ஒட்டிய வறண்ட பூமி அது. பின்னர் அடைக்கலம் புகுந்த குர்கான் நகரமோ அம்மலைக்கு வடக்கே, காஸ்பியன் கடலின் தென்கிழக்கு மூலையில், பசுமை சூழ்ந்து கிடப்பது. தெஹ்ரானில் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கின்றது. குர்கானில் அதைப்போல் இரு மடங்கு பெய்கின்றது. இடையில் நிற்பது ஒரு மலைத்தொடர். மலையின் இருபுறமும் வாழ்ந்து பார்த்த அறிஞர் அவர்.

சந்திர மாதமும் சூரிய மாதமும்

குர்கானில், கி.பி. 1000ஆம் ஆண்டளவில், அரசர் காபூஸின் ஆதரவில் அன்னார் யாத்த நூல் அல் ஆஸாருல் பாகியா. பண்டைய சமூகங்களின் ஆண்டுகளையும் மாதங்களையும் பண்டிகைகளையும் ஆராயும் அந்நூலில் வானிலைக்கும் தனி இடம் உண்டு.

அரபு மாதங்களின் பெயர்களில் பருவத்தின் சாயல் இருப்பதை அந்நூல் விளக்குகின்றது. ஜுமாதா என்பது நீர் உறைதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ரமழான் என்பது சுட்டெரிக்கும் வெப்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆயின், இன்று ஜுமாதா கடுங்கோடையிலும் வரும். ரமழான் கடுங்குளிரிலும் வரும். காரணம் யாது? சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைந்தது. அதனால் ஒவ்வொரு மாதமும் பின்வாங்கிச் சென்று, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. அறியாமைக் காலத்து அரபிகள் இடையிடையே ஒரு மாதத்தைக் கூட்டி, ஹஜ்ஜைத் தம் வணிகத்திற்கு வசதியான பருவத்தில் நிறுத்தி வைத்தனர். நஸீ எனும் அவ்வழக்கத்தைத் திருக்குர்ஆன் கண்டித்து விலக்கியது.

இதன் தத்துவத்தைச் சிந்திப்போர் வியப்படையாமல் இரார். ரமழான் ஒரே பருவத்தில் நின்றுவிட்டால், ஒரு நாட்டார் என்றும் கோடையின் நீண்ட பகலில் நோன்பிருக்க, மற்றொரு நாட்டார் என்றும் குளிரின் குறுகிய பகலில் நோன்பிருக்க நேரும். வணக்கத்திற்குச் சந்திர மாதம் வந்ததால் பருவங்கள் அனைவருக்கும் பங்கிடப்பட்டன. விதைப்புக்கும் அறுப்புக்கும் சூரிய மாதங்கள் அப்படியே இருந்தன. ஆகவேதான் மழையையும் பனியையும் எழுத முற்பட்ட அல்பீரூனி, சிரியா நாட்டுச் சூரிய மாதங்களான திஷ்ரீன், கானூன், ஷுபாத், ஆதார், நைஸான் முதலியவற்றை வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். எந்நாளில் காற்று திசை மாறும், எப்போது மழை எதிர்பார்க்கப்படும், குளிர் என்று தணியும் என்பன போன்ற குறிப்புகளை, ஸினான் இப்னு ஸாபித் எனும் முன்னோர் தொகுத்த நூலிலிருந்து நாள் வாரியாகத் தந்தார்கள். குளிர்கால இறுதியில் வரும் கிழவியின் நாள்கள் எனும் கடுங்குளிர் நாள்களும் அவற்றுள் அடங்கும்.

நட்சத்திரமா காரணம்?

இங்கே ஈமானைத் தொடும் ஒரு விஷயம் எழுகின்றது. ஒரு குறிப்பிட்ட நட்சத்திரம் மறைந்து மற்றொன்று எழும்போது மழை பெய்தால், அந்நட்சத்திரமே மழை தந்ததாக அரபிகள் நம்பி வந்தனர். ஹுதைபிய்யாவில் ஓர் இரவு மழை பெய்தது. காலைத் தொழுகைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை நோக்கி, அல்லாஹ்வின் அருளால் மழை பெற்றதாகக் கூறுவோர் அவனை நம்பியோர் என்றும், இன்ன நட்சத்திரத்தால் மழை பெற்றதாகக் கூறுவோர் அவனை மறுத்தோர் என்றும் இறைவன் அறிவித்ததை எடுத்துரைத்தார்கள்.

இப்போதனை வானிலையை ஆராயும் வாசலை மூடிவிடவில்லை. மாறாக, மூட நம்பிக்கை அடைத்திருந்த வாசலைத் திறந்துவிட்டது. மழையின் உரிமையாளன் அல்லாஹ் ஒருவனே என்று உறுதி கொண்டவன், அவன் அமைத்த காரணங்களை அச்சமின்றி ஆராயலாம். நட்சத்திரங்களின் உதயமே காரணம் என ஒரு சாரார் கூறுவதையும், ஆண்டின் நாள்களுக்கு அமைந்த இயல்பே காரணம் என மற்றொரு சாரார் கூறுவதையும் அல்பீரூனி நடுநிலையோடு எடுத்து வைத்தார்கள். நீண்ட காலச் சோதனையால் அன்றி இதற்குத் தீர்ப்புக் கூற இயலாது எனும் முன்னோர் கருத்தையும் பதிவு செய்தார்கள்.

கைதியாய் வந்தவர், மாணவராய் அமர்ந்தவர்

கி.பி. 1017இல் கஸ்னியின் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றினார். அறிஞர்கள் பலரோடு அல்பீரூனியும் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மறு ஆண்டில் காபூலை அடுத்த ஒரு சிற்றூரில், துன்பமான நிலையில், அளவைக் கருவி எதுவும் இன்றி இருந்தபோதும், கணக்கிடும் பலகையின் பின்புறத்தில் வட்டப் பகுதியை வரைந்து சூரியனின் உயரத்தை அளந்தார்கள். கஸ்னியின் கிப்லா திசையைப் பிழையின்றி நிறுவுவதற்காக நகரங்களின் அமைவிடங்களைக் கணித்து ஒரு நூலை கி.பி. 1025இல் முடித்தார்கள். தொழுகையின் திசையைத் தேடிய அதே கண்கள் பூமியின் மேடு பள்ளங்களையும் நோக்கின.

சுல்தானின் படைகள் சென்ற வழியில் அன்னாரும் இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளுக்கு வந்தார்கள். படைகள் பொருளைத் தேடின. அல்பீரூனி அறிவைத் தேடினார்கள். சமஸ்கிருதம் கற்றார்கள். பண்டிதர்களிடம் மாணவரைப்போல் அமர்ந்து கேட்டார்கள். மஹ்மூதின் படையெடுப்புகளால் அந்நாட்டின் செழிப்பு சிதைந்ததையும், அதனால் மக்கள் உள்ளத்தில் வெறுப்பு வேரூன்றியதையும் தம் நூலில் அவர்கள் மறைக்கவில்லை. புண்பட்ட மக்களிடம் சென்று உண்மையைக் கேட்டறிந்து, அதைத் திரிக்காமல் எழுதுவது எளிய காரியமன்று. அந்த நீதியுணர்வோடு எழுதப்பட்டதே கி.பி. 1030இல் நிறைவு பெற்ற இந்திய நூல்.

முல்தானும் காஷ்மீரும்

அந்நூலில் மழையைப் பற்றிய பகுதி சில வரிகளே ஆயினும் பெரும் பொக்கிஷமாகும். இந்தியாவில் கோடையில் பெய்யும் பெருமழைக்கு வர்ஷகாலம் என்று பெயர் என்பதைக் கூறி, அது இடத்துக்கு இடம் மாறுவதை அன்னார் வரிசைப்படுத்துகின்றார்கள்.

முல்தான் வாசிகள் தமக்கு வர்ஷகாலமே இல்லை என்று அன்னாரிடம் தெரிவித்தனர். கங்கை யமுனைக்கு இடைப்பட்ட நாட்டில் ஆஷாட மாதத்தில், அதாவது ஏறத்தாழ ஆனி ஆடியில், மழை தொடங்கி நான்கு மாதங்கள் கொட்டும். காஷ்மீர் மலைகளை ஒட்டிய பகுதிகளில், பெஷாவரை நெருங்கும் சிகரம் வரை, சிராவணத்தில், அதாவது ஆடி ஆவணியில், தொடங்கி இரண்டரை மாதங்கள் பெய்யும். அச்சிகரத்தைத் தாண்டினால் அம்மழை இல்லை. காஷ்மீரின் உள்ளேயும் வர்ஷகாலம் இல்லை. அதற்குப் பதிலாக மாக மாதத்தில், அதாவது தை மாசியில், தொடங்கி இரண்டரை மாதங்கள் பனி பொழியும். சித்திரையின் நடுப்பகுதி கழிந்ததும் சில நாள்கள் மழை பெய்து பனியைக் கரைத்து நிலத்தைத் தூய்மையாக்கும்.

காரணத்தையும் அன்னார் கூறாமல் விடவில்லை. அம்மேகங்கள் கனத்தவை, மிக உயரே எழுவதில்லை, மலைச்சரிவில் மோதியதும் ஒலிவக் கனியும் திராட்சையும் பிழியப்படுவதுபோல் பிழியப்பட்டு, அங்கேயே பொழிந்துவிடுகின்றன, மலையைக் கடந்து செல்வதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறும்போது குளிர்ந்து, அதிலுள்ள நீராவி மழையாக மாறுகின்றது. மலையைக் கடந்து இறங்கும் காற்று வறண்டுவிடுகின்றது என இன்றைய வானிலை நூல்கள் கூறும். பிழிதல் எனும் உவமை இன்று பொருந்தாது எனினும், மலையே மழையை மறிக்கின்றது என்ற முடிவு நிலைத்து நிற்கின்றது. பீர் பஞ்சால் மலைத்தொடருக்குத் தெற்கேயுள்ள ஜம்முவில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. அதில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டு மாதங்களுக்கு உரியது. மலைக்கு வடக்கேயுள்ள ஸ்ரீநகரில் ஏறத்தாழ 700 மில்லிமீட்டரே. அதுவும் மிகுதியாகக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வந்து சேர்கின்றது. மார்ச் மாதமே அங்கு ஈரம் மிகுந்தது. அந்த ஈரம் இந்துமாக் கடலிலிருந்து வருவதன்று. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேற்குக் காற்றோடு வருவது. முல்தானிலோ ஆண்டு முழுவதும் சுமார் 200 மில்லிமீட்டர் மட்டுமே. வெப்பமானி இல்லாத காலத்தில், மக்களின் வாய்ச்சொல்லையும் தம் கண்களையும் கொண்டு அன்னார் வரைந்த மழைப் படம் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலும் சரியாகவே இருப்பது வியப்பிற்குரியது.

காஷ்மீர் மக்கள் இன்றும் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள்களைச் சில்லை கலான் எனக் கடுங்குளிர்க் காலமாகக் கணக்கிடுகின்றனர். அதனைத் தொடர்ந்து இருபது நாள், பின்னர் பத்து நாள் எனக் குளிர் படிப்படியாகத் தணியும். மக்கள் வழங்கிவரும் இத்தகைய கணக்குகளை அற்பமென ஒதுக்காமல் கேட்டு எழுதியதே அல்பீரூனியின் சிறப்பு.

மழை நிலத்தை நனைப்பதோடு நில்லாமல், நிலத்தையே உருவாக்குகின்றது என்பதையும் அவர்கள் கண்டார்கள். மலையருகில் ஆற்றுக் கற்கள் பெரியனவாகவும், தொலைவில் சிறியனவாகவும், நீர் தேங்கும் இடத்தில் மணலாகவும் இருப்பதைக் கவனித்தார்கள். இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என முடிவு செய்தார்கள்.

அறிந்ததன் எல்லை

அன்னாரின் மழைக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. இந்தியாவில் வடக்கே செல்லச் செல்ல வர்ஷகாலம் மிகும் என்று பொதுவாக எழுதிவிட்டார்கள். கேரளக் கரையின் பெருமழையையும், ஐப்பசி கார்த்திகையில் தமிழகக் கரை பெறும் வடகிழக்குப் பருவமழையையும் அவ்விதி தழுவாது. ஆயின், அவர்கள் தம் எல்லையை மறைத்தவர்களல்லர். லாகூர், முல்தான், பெஷாவர், சியால்கோட், நந்தனா முதலிய ஊர்களின் அட்சரேகைகளைத் தாமே கணித்ததாகக் கூறி, அந்நாட்டில் அவ்விடங்களைத் தாண்டித் தாம் சென்றதில்லை என்பதை அதே நூலில் தெளிவாக எழுதி வைத்தார்கள். கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும், செல்லாத இடத்தைச் செல்லாததென்றும் கூறும் அமானிதம் அது. அவ்வமானிதம் இருந்தமையால்தான், பின் வந்தோர் பிழையை எளிதில் திருத்திக்கொள்ள முடிந்தது.

இறுதி மூச்சு வரை

வாழ்வின் பிற்பகுதியை அன்னார் கஸ்னியிலேயே கழித்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அந்நகரம், குளிரில் பனியும் வசந்தத்தில் மழையும் பெற்று, கோடையில் வறண்டு கிடக்கும். வர்ஷகாலத்து மேகம் எட்டாத மலைக்கு அப்பாலிருந்தே, அம்மேகத்தின் வழியை அவர்கள் எழுதினார்கள். கி.பி. 1048ஆம் ஆண்டளவில் அங்கேயே இறையடி சேர்ந்தார்கள்.

அவ்விறுதி நாளைப் பற்றி யாகூத் எனும் வரலாற்றாசிரியர் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். மூச்சுத் திணறிக் கிடந்த அல்பீரூனியைக் காண ஒரு மார்க்கச் சட்ட அறிஞர் வந்தார். பாட்டிமாரின் வாரிசுரிமை பற்றி முன்னொரு நாள் பேசிய சட்டத்தை மீண்டும் விளக்குமாறு நோயாளி கேட்டார்கள். இந்நிலையிலா என்று வந்தவர் இரங்கினார். அதை அறியாமல் உலகைப் பிரிவதைவிட அறிந்து பிரிவது மேலன்றோ என அன்னார் கூறவே, அவர் விளக்கினார். கேட்டதைத் திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார்கள். வந்தவர் விடைபெற்றுத் தெருவில் நடக்கையில், அவ்வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.

ஒரு சட்டத்தை அறியவும், ஒரு மேகத்தின் போக்கை அறியவும் அப்பெருமகனாரிடம் இருந்தது ஒரே தாகம்தான். மழை தவறும்போது கைகளை ஏந்தி இறைஞ்சுவது நம் கடமை. மழை பெய்யும்போது நன்றி செலுத்துவதும் நம் கடமை. அம்மழை எந்த மாதத்தில், எந்த மலையில் மோதி, எவ்வாறு இறங்குகின்றது என்று சிந்திப்பதும் இறைமறை இட்ட கட்டளையே. இம்மூன்றையும் ஒருசேர நிறைவேற்றும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.